பத்து லட்சத்து ஒன்பது

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு துணிக்கடை இருந்தது. நாற்பத்து மூன்றாம் ஆண்டின் நடுவில் அந்தக் கடையில் துணி இல்லை. மூன்று சுவர்களிலும் கூரை வரை பலகைத் தட்டுகள். மேல் தட்டில் ஒரு பழைய குடை, கீழ்த் தட்டில் மரவள்ளிக்கிழங்கு, இடையில் வெறும் பலகை. ஆனாலும் கடைக்காரர் தினமும் கதவுப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் வந்து உட்காருவார். கடை பூட்டிக் கிடந்தால் ஜப்பான்காரன் எதற்காவது எடுத்துக்கொள்வான் என்பது அவருடைய பயம்.

நான் ரயில்வேயில் சரக்குக் கிளார்க். வயது இருபத்தாறு. யாழ்ப்பாணத்தில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தவனை, ஐந்தாறு வருடத்துக்கு முன்பு அண்ணர் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டு அந்த வேலையில் சேர்த்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவருடைய குடும்பத்தோடு இருந்தேன். வேலை கிள்ளான் கூட்ஸ் ஷெட்டில். காலையில் வண்டி ஏறி வந்து மாலையில் திரும்புவேன். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்பார்கள். இப்போதோ அது வரும் நாளும் தெரியாது, வராத நாளும் தெரியாது. பாதிப் பகல் காத்திருப்பிலேயே போய்விடும்.

கடைக்காரரை நான் முதலில் சந்தித்தது ஒரு துணிப் பொதியைப் பற்றிய விசாரணையில். சண்டை வருவதற்கு முன் அவர் பெயருக்குப் புறப்பட்ட பொதி ஒன்று வந்து சேரவே இல்லை. அவர் ஷெட்டுக்கு வந்து கேட்டார். நான் இரண்டு வாரம் தேடினேன், கிடைக்கவில்லை. அதைச் சொல்ல அவர் கடைக்குப் போனேன். உட்காரச் சொல்லி, வறுத்த சோளத்தை இடித்து வைத்த காப்பி என்று ஒன்றைக் கொடுத்தார். இராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து வந்த முஸ்லிம். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் ஊரில் வயதில் மூத்த முஸ்லிம்களை அண்ணன் என்ற பொருளில் நானா என்பார்கள், நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு காத்திருக்கும் நேரத்தையெல்லாம் அங்கேதான் கழித்தேன். கடைக்குப் பின்னால் ஒரு திரை, அதற்குப் பின்னால் தையல் மெஷின். அவருடைய மனைவி அங்கே உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக்கொடுப்பார். ஆரம்பத்தில் அவர் எனக்கு வெறும் மெஷின் சத்தம்தான்.

ஒரு நாள் நானா தன் மனதில் வெகுகாலமாகக் கிடந்த ஒன்றைச் சொன்னார். சண்டைக்கு முன்பு ஒரு வாடிக்கைக்காரர் ஏழு சாண் சதுரத்தில் ஒரு துணியும் ஆறு சாண் சதுரத்தில் ஒரு துணியும் கேட்டிருக்கிறார். இவரிடம் அந்த ரகத்தில் இருந்தவை ஒன்பது சாண் சதுரம் ஒன்றும் இரண்டு சாண் சதுரம் ஒன்றும்தான். கணக்குப் பார்த்தால் ஒன்பதொன்பது எண்பத்தொன்று, ஈரிரண்டு நாலு, ஆக எண்பத்தைந்து. ஏழேழு நாற்பத்தொன்பது, ஆறாறு முப்பத்தாறு, அதுவும் எண்பத்தைந்து. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் வெட்டித் தைத்தால் ஒட்டுத் தெரியும் என்பதால் அந்த வியாபாரம் நடக்கவில்லை.

"ரெண்டு சதுரம் வேற ரெண்டு சதுரமா மாறுதே, இது எல்லாத் துணிக்கும் நடக்குமா தம்பி?" என்று கேட்டார்.

எனக்குக் கல்லூரியில் கணக்கு வாத்தியார் பாடத்துக்கு வெளியே சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். ஐந்து, பதின்மூன்று, பதினேழு போல. பகா எண் ஒன்றை இரண்டு சதுரங்களின் கூட்டாக எழுத முடிந்தால், அதை ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும் என்றார் அவர். ஏன் என்று சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. எண்பத்தைந்து ஐந்தாலும் பதினேழாலும் வகுபடும் எண். அதனால் அதற்கு இரண்டு வழி இருப்பதில் தடையில்லை. இதை நானாவுக்கு விளக்கினேன். அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார்.

"அப்படின்னா பெரிசா ஒண்ணு எடுப்போம். ஆயிரம் சாண் சதுரத்துல ஒரு துணி. கூட மூணு சாண் சதுரத்துல ஒரு துண்டு. அதை மாத்தி வெட்ட முடியுமா முடியாதா, சொல்லுங்க."

மூன்று சாண் எதற்கு என்று கேட்டேன். ஆயிரத்தை விற்றுவிட்டு மூன்றைத் தான் கட்டிக்கொள்வதாகச் சொல்லி வெறும் தட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

ஆயிரத்தின் சதுரம் பத்து லட்சம். மூன்றின் சதுரம் ஒன்பது. மொத்தம் பத்து லட்சத்து ஒன்பது. இந்த எண் பகா எண்ணாக இருந்தால் மாற்றி வெட்ட முடியாது, விஷயம் முடிந்துவிடும். பகா எண்ணா என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் ஆனது. எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓர் எண்ணால் அது வகுபட்டால், ஈவாக வரும் மற்ற எண் ஆயிரத்துக்குக் கீழேதான் இருக்கும். ஆகவே ஆயிரத்துக்கு உட்பட்ட பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். முதலில் அந்தப் பகா எண்களின் பட்டியல் வேண்டும். ஒற்றை எண்களை எல்லாம் வரிசை வரிசையாக எழுதி, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு, ஏழின் மடங்கு என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அடிபடாமல் மிஞ்சியவை நூற்று அறுபத்தாறு. அந்தத் தாளைக் குவார்ட்டர்ஸில் என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் அதிலிருந்து நான்கைந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். ஷெட்டில் பழைய வேகன் சீட்டுகளின் பின்புறம் காலியாக இருக்கும். அதில் பென்சிலால் வகுப்பேன்.

மீதி வரும். மறுபடி மீதி வரும். அது எனக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு வகுத்தலிலும் கடைசி வரிக்கு வரும்போது ஒரு சின்னத் துடிப்பு இருந்தது. இந்த எண் உடையுமா, உடையாதா? உடையக் கூடாது என்றும் நினைத்தேன், உடைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

ஒரு நாள் கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் புதிய ஜப்பான் காவல்காரன் நின்றான். எல்லோரையும் போல நானும் குனிந்து வணங்கினேன். என் சட்டைப் பையைக் காட்டச் சொன்னான். பையில் வேகன் சீட்டுகள், அவற்றின் பின்னால் நெருக்க நெருக்கமாக எண்கள். அவன் முகம் மாறியது. என்னைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு உள்ளே ஓர் அறைக்குக் கொண்டுபோனான். அங்கே ஓர் அதிகாரி இருந்தார். பக்கத்தில் மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். காலையிலிருந்து மதியம் வரை நின்றேன்.

இது என்ன நொம்போர், அதாவது என்ன எண் என்று மலாயில் கேட்டார்கள். பத்து லட்சத்து ஒன்பது என்றேன். எதனுடைய எண் என்று கேட்டார்கள். எதனுடையதும் இல்லை என்றேன். அதற்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எத்தனை வேகன், எத்தனை சிப்பாய், யாருக்கு அனுப்புகிறாய் என்று மறுபடி கேட்டார்கள். யாருக்கும் இல்லை, வகுபடுமா என்று பார்க்கிறேன் என்றேன். வகுபட்டால் என்ன கிடைக்கும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் தானாகவே கேட்டார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை. ஒன்றும் கிடைக்காது என்றேன். இன்னோர் அறை.

உண்மையில் எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை. பிறகு யோசித்தேன். ஷெட்டில் என் கை வழியாகப் போன எண்கள் எல்லாம் எதனுடையதாகவோ இருந்தன. அரிசி மூட்டையின் எண், தண்டவாளத்தின் எண், வேகனின் எண். ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரிகளில் கொண்டுவந்து, சயாம் பக்கம் ரயில் பாதை போட அனுப்பிய எங்கள் சனங்கள் ஏறிய வேகன்களுக்கும் எண் இருந்தது. நான் அதைப் பதிந்தேன். உள்ளே இருந்தவர்களின் பெயரை யாரும் பதியச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் எதையும் குறிக்காத ஓர் எண்ணோடு இருப்பது எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் அந்த அறையில் நின்றபோது இதைச் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு அறை விழுந்திருக்கும்.

கடைசியில் அதிகாரி ஒரு சீட்டை எடுத்து, அதில் ஓர் இடத்தில் விரல் வைத்து, அதை இங்கேயே செய்து காட்டு என்றார். நான் கடைசியாக, அறுநூற்றுப் பதினேழால் வகுத்த இடம் அது. வெற்றுத் தாளில் செய்தேன். ஈவு ஆயிரத்து அறுநூற்று இருபது, மீதி நானூற்று அறுபத்தொன்பது. சீட்டிலும் அதேதான் இருந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சீட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்குப் போனேன். அண்ணர் விஷயத்தைக் கேட்டதும் வெளிக் கதவைச் சாத்தினார்.

"உனக்கென்ன விசரோ? உன்னால நாங்கள் எல்லாரும் சாகவேணுமோ? இனி ஒரு தாள் வெளியில கொண்டுபோகக் கூடாது."

அவர் சொன்னதில் பிழை இல்லை. பக்கத்து வரிசையில் இதைவிடச் சின்னக் காரியத்துக்காக ஒருவரைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. அண்ணி என் கன்னத்துக்கு வெந்நீர் ஒற்றடம் போட்டார். மறுநாள் பார்த்தால் பிள்ளைகளின் சிலேட்டு ஒன்று என் பாயின் மேல் இருந்தது. அவர்களின் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. அண்ணிதான் வைத்திருக்க வேண்டும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அறுநூற்றுப் பதினேழு வரை எதாலும் வகுபடவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மிச்சத்தைச் சிலேட்டில் செய்தேன். ஒன்றை முடித்ததும் அழித்துவிடுவேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வரை போய்விட்டேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. பத்து லட்சத்து ஒன்பது பகா எண்.

அடுத்த நாள் நானாவின் கடையில் இதைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். ஆயிரம் சாண் துணியும் போச்சு என்றார். அப்போது மெஷின் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"முடியாதுன்னு சொல்றீங்களே தம்பி, வெட்டிப் பாத்தீங்களா?"

நானா சிரித்தார். "ஆயிரம் சாண் துணிக்கு நான் எங்க போறது?"

"துணி எதுக்குங்க? ஓரத்தை மட்டும் கணக்கு வச்சாப் போதாதா?"

திரையை ஒதுக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டபடி, கையில் ஒரு படுக்கை விரிப்போடு. அன்று அவர் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். கிழிந்த பெரிய விரிப்பைச் சுற்றி ஓரம் வெட்டிச் சின்னதாக்கி, வெட்டிய ஓரங்களை ஒட்டி இன்னொரு துணி தைப்பது. அவர் விரிப்பை மேசையில் போட்டு விரலால் காட்டினார். ஆயிரம் சாண் சதுரத்தில் ஒரு பக்கத்து ஓரத்தை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டினால் ஆயிரம் வரும். அடுத்த பக்கத்து ஓரத்தை வெட்டினால், மூலை ஏற்கெனவே போய்விட்டதால், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் வரும். இரண்டும் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. பெரிய துணி ஒரு சாண் சிறுத்துச் சதுரமாகவே இருக்கிறது. வெட்டிய துண்டுகளைச் சின்னத் துணியின் ஒன்பதோடு சேர்த்தால் இரண்டாயிரத்து எட்டு. அந்த இரண்டாயிரத்து எட்டைச் சதுரமாகத் தைக்க முடியுமா? முடியாது. அப்படியானால் இன்னொரு சுற்று வெட்டு. இந்தத் தடவை வருவது முந்தினதை விட இரண்டு குறைவு. சேர்த்துப் பார். இன்னொரு சுற்று.

வகுத்தல் இல்லை, பெருக்கல் இல்லை, வெறும் கூட்டல். நான் இரண்டு மாதம் அடி வாங்கிச் செய்ததை இவர் கத்தரிக்கோலால் செய்ய நினைக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அதன் ஒழுங்கு என்னைப் பிடித்துக்கொண்டது. நானா துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து, வெறும் தட்டுப் பலகையில் எழுத ஆரம்பித்தார். இரண்டாயிரத்து எட்டு. நாலாயிரத்து ஐந்து. ஆறாயிரம். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று. ஐந்தாவது வெட்டில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு வந்தது. நூற்றின் சதுரத்துக்குப் பதினாறு குறைவு. பதினாறு சாண் துணி ஊரில் எவரிடமாவது கடன் வாங்கலாம் என்றார் நானா. சதுர எண் இரண்டிலோ மூன்றிலோ ஏழிலோ எட்டிலோ முடியாது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பாதி வரிகளைப் பார்த்தவுடனேயே தள்ளிவிட முடிந்தது. என் வண்டி வரும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது வரியில் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். எத்தனை வெட்டு வெட்டினாலும் ஒன்றும் வராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் நான் ஷெட்டுக்குப் போனபோது வாசலில் நானா நின்றுகொண்டிருந்தார். பொதியைத் தேடி வந்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே வந்ததே இல்லை. கூலிகள் தூரத்தில் இருந்தார்கள். அவர் கிட்டே வந்து மெல்லச் சொன்னார்.

"தம்பி, அம்பத்தஞ்சாயிரத்து இருநூத்து இருபத்தஞ்சு."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவரே விளக்கினார். இருபதாவது வெட்டில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதின் சதுரத்தை விட எட்டு மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்றிருக்கிறார். மனைவி விடவில்லை. காலையில் எழுந்து இருபத்தெட்டாவது வெட்டுக்கு வந்தபோது கடைசியில் இருபத்தைந்து என்று முடிந்தது. ஐந்தில் முடியும் எண்ணின் சதுரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. துணி அளப்பவர்களுக்கு அது தெரியும். இருநூற்று முப்பத்தைந்தில் கடைசி ஐந்தை விட்டால் இருபத்து மூன்று, அதை அடுத்த எண்ணான இருபத்து நான்கால் பெருக்கினால் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. அதன் பின்னால் இருபத்தைந்தைப் போட்டால் ஐம்பத்தையாயிரத்து இருநூற்று இருபத்தைந்து. இருநூற்று முப்பத்தைந்தின் சதுரம்.

"பெரிய துணி தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு சாண். சின்னது இருநூத்து முப்பத்தஞ்சு. அவ கண்டுபிடிச்சா, நான் எழுதினேன். நீங்க ஒரு தடவை சரி பாருங்க."

நான் பார்த்தேன். அங்கேயே, ஒரு மூட்டையின் மேல், விரலால் புழுதியில் பெருக்கினேன். தொள்ளாயிரத்து எழுபத்திரண்டின் சதுரம் ஒன்பது லட்சத்து நாற்பத்து நாலாயிரத்து எழுநூற்று எண்பத்து நான்கு. இரண்டையும் கூட்டினால் பத்து லட்சத்து ஒன்பது. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. மறுபடி பெருக்கினேன். அதே விடை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வாத்தியார் சொன்னது தவறா, அல்லது நான் வகுத்தது தவறா? நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பாக எதுவும் சொல்லிவிட்டேனா தம்பி என்று கேட்டார். இல்லை நானா, எங்கேயோ நான்தான் பிழை விட்டிருக்கிறேன் என்றேன். அதைச் சொன்ன பிறகு கோபம் போய்விட்டது. எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் மிஞ்சியது.

அன்று மத்தியானம் கடைக்குப் போனபோது திரை ஏற்கெனவே ஒதுக்கியிருந்தது. மூவரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேலிருந்து கீழாக இருபத்தெட்டு வரிகள், கடைசியைச் சுற்றி ஒரு வட்டம்.

"அப்ப அது எதாலயோ வகுபடணும், இல்லையா? எதால?" என்று அக்கா கேட்டார்.

நான் அவரை முதன்முதலாக அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான். எனக்குத் தெரியவில்லை அக்கா என்றேன்.

பட்டியல் முழுவதையும் மறுபடி வகுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வழியில் வெட்ட முடிந்தது என்பதே அந்த எண் எதால் வகுபடும் என்பதைக் காட்டிக்கொடுக்கக் கூடாதா? சின்ன எண்களில் பார்ப்போம் என்று எண்பத்தைந்துக்குப் போனேன். ஒன்பதும் இரண்டும், ஏழும் ஆறும். பெரிய துணி எவ்வளவு சிறுத்தது? ஒன்பதிலிருந்து ஏழு, இரண்டு சாண். சின்னத் துணி எவ்வளவு பெருத்தது? இரண்டிலிருந்து ஆறு, நான்கு சாண். இரண்டையும் நான்கையும் சுருக்கினால் ஒன்றும் இரண்டும். அவற்றின் சதுரங்களைக் கூட்டினால் ஐந்து. எண்பத்தைந்து ஐந்தால் வகுபடும். தற்செயலாக இருக்கலாம் என்று அறுபத்தைந்தை எடுத்தேன். எட்டும் ஒன்றும், ஏழும் நான்கும். பெரியது சிறுத்தது ஒன்று, சின்னது பெருத்தது மூன்று. சதுரங்களின் கூட்டு பத்து. அறுபத்தைந்து பத்தால் வகுபடாது. சோர்ந்துபோனேன். அன்று வண்டியில் திரும்பும்போது பத்தில் பாதி ஐந்து என்பது உறைத்தது. ஐந்தால் அறுபத்தைந்து வகுபடும். இரட்டை எண் வந்தால் பாதியாக்கிப் பார்க்க வேண்டும்! இன்னும் நாலைந்து எண்களைச் சிலேட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஏமாற்றவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்கு அப்போது முழுக்க விளங்கவில்லை. நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வழியைப் பெரிய எண்ணுக்குக் கொண்டுபோனதைக் கடையில், அவர்கள் இருவர் முன்னாலும்தான் செய்தேன். தனியாகச் செய்ய மனம் ஒப்பவில்லை. பெரிய துணி ஆயிரத்திலிருந்து தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாகச் சிறுத்தது. வித்தியாசம் இருபத்தெட்டு. சின்னது மூன்றிலிருந்து இருநூற்று முப்பத்தைந்தாகப் பெருத்தது. வித்தியாசம் இருநூற்று முப்பத்திரண்டு. இரண்டையும் நான்கால் சுருக்கினால் ஏழும் ஐம்பத்தெட்டும். ஏழின் சதுரம் நாற்பத்தொன்பது. ஐம்பத்தெட்டின் சதுரத்தை நானா வாயாலேயே சொன்னார், மூவாயிரத்து முந்நூற்று அறுபத்து நான்கு. கூட்டினால் மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று.

பத்து லட்சத்து ஒன்பதை அதால் வகுத்தேன். பலகையில், சுண்ணக்கட்டியால். முதல் இலக்கம் இரண்டு. அடுத்தது ஒன்பது. கடைசியில் பத்தாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது நின்றது. மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றை மூன்று தரம் எடுத்தால் பத்தாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது. மீதி பூச்சியம். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றை மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றால் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பது.

அக்கா பலகைக்குக் கிட்டே போய் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இது உள்ளதான் இருந்திருக்கு" என்றார்.

வீட்டில் தலையணைக்கு அடியிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருநூற்று எண்பத்து மூன்றுக்கும் முந்நூற்று ஏழுக்கும் இடையில் உள்ள ஒற்றை எண்கள் எல்லாமே ஏதோ ஒன்றால் அடிபடுகிறவை. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று மட்டும் அந்தக் கூட்டத்தின் நடுவில் தனியாக நிற்கும் பகா எண். என் பென்சில் இருபுறமும் அடித்துக்கொண்டு வந்த வேகத்தில் அதன் மேலும் ஒரு கோடு போட்டிருந்தது. மிஞ்சியிருக்க வேண்டியவை நூற்று அறுபத்தேழு. அடிபட்டுப்போன அந்த ஓர் எண்ணில்தான் விடை இருந்தது. வாத்தியார் சொன்னது சரி, என் வகுத்தல்களும் சரி. அந்த அறையில் அதிகாரி விரல் வைத்த கணக்கும் சரிதான். நான் வகுக்காமல் விட்டதில்தான் பிழை. அண்ணருக்கும் அண்ணிக்கும் அதைச் சொன்னேன். அண்ணர் அந்தத் தாளை அடுப்பில் போடச் சொன்னார். போட்டேன். இனி அது தேவையில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் கணக்கு நடந்த விதம் மாறியது. அதுவரை நான் சொல்ல, நானா கேட்பார். இப்போது அக்கா கேள்வி போடுவார், நாங்கள் இருவரும் விழிப்போம். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றையும் இரண்டு சதுரமாக வெட்ட முடிகிறதே, பதினேழு சாணும் இரண்டு சாணும், அதைப் பார்த்தீர்களா என்று ஒரு நாள் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றும் ஏழும் ஐம்பத்தெட்டுமாக வெட்டுப்படுகிறது. ஆக, இரண்டு சதுரமாகும் ஓர் எண் உடைந்தபோது, அதன் துண்டுகள் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டு சதுரமாகின. அக்காவுக்கு எழுதத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். கணவர் வேறு வேலையில் இருந்தால் பொத்தான்களை வரிசையாக வைத்து அவரே சதுரம் போட்டுப் பார்ப்பார்.

நாற்பத்தைந்தின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறைப் பக்கம் குண்டு விழுந்தது. அண்ணர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பந்திங் பக்கம் ஒரு கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்குப் போனார். என்னை வேலை விடவில்லை. வண்டி ஓடாத நாட்களில் கிள்ளானிலேயே, நானாவின் கடையின் மேல்மாடியில் தங்கினேன். அந்த மாதங்களில் நாங்கள் மூவரும் மரவள்ளியையும் கீரையையும் தின்றுகொண்டு, மூன்று வழியில் இரண்டு சதுரமாக வெட்டக்கூடிய எண் உண்டா என்று தேடினோம். நான் பெரிய எண்களில் தேடினேன். அக்கா சின்னதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே வந்தார். ஒரு நாள் காலையில் பொத்தான்களை அப்படியே மேசையில் விட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டார். முந்நூற்று இருபத்தைந்து. பதினெட்டும் ஒன்றும், பதினேழும் ஆறும், பதினைந்தும் பத்தும். மூன்று வழி. அதற்குக் கீழே எதுவும் இல்லை என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே தம்பி வரேன்" என்றார்.

ஜப்பான்காரன் தோற்ற செய்தி கிள்ளானுக்கு வந்தபோது நாங்கள் கடையில்தான் இருந்தோம். தெருவில் சனங்கள் நம்பாமல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில மாதத்தில் வெள்ளைக்காரன் ரயில்வேயைத் திரும்ப எடுத்தான். என்னை வடக்கே பிறை ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அண்ணர் குடும்பம் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியது. நானாவின் கடைக்குத் துணி வர இன்னும் ஒரு வருடம் ஆனது.

பிறைக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உடம்பு சுகம், கடையில் வியாபாரம் இனிமேல்தான், மழை அதிகம் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் வேறு மையில் அக்காவைப் பற்றி நாலு வரி: நாலு வழியில் வெட்டுப்படும் எண் ஆயிரத்து நூற்றைந்து என்று அவள் கண்டிருக்கிறாள், நான் சரி பார்த்தேன், சரிதான். இப்போது ஐந்து வழி தேடுகிறாள். மூவாயிரம் வரை பார்த்தாகிவிட்டதாம், ஒன்றும் இல்லை. அதற்கு மேல் இருக்கிறதா, தேடலாமா என்று தம்பியைக் கேட்டு எழுதச் சொல்கிறாள்.

எனக்கு அது தெரியாது. தேடச் சொல்லுங்கள் என்று பதில் எழுதிவிட்டு, நானும் மூவாயிரத்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.